முப்பத்தொரு மார்க் சோகம்

போன வாரம் ஹில்டாவைத் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று சேலையூர் வாசகி ஒருவர் கோபமாகக் கார்டு போட்டிருக்கிறார். பொறுங்கள் அம்மா, பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஆனால் வீட்டு நிலவரம் பிளாட்பாரத்தைவிட மோசமாக இருக்கிறது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஹில்டா, கிழக்குத் தாம்பரம் ஜீவரத்தினத்தின் மூத்த பெண். மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கல்லூரிப் பிள்ளைகளின் கவலையையும் மனச்சோர்வையும் அளக்க முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரன் மனசுக்குள் போகத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அதற்கு அமெரிக்காவில் ஒரு தாள் தயார் செய்திருக்கிறார்கள். அதைத் தமிழில் எழுதியது ஹில்டா.

தாளில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில். நன்றாக இருக்கிறேன் என்றால் சைபர். தாங்க முடியவில்லை என்றால் மூன்று. எல்லாவற்றையும் கூட்டினால் இருபத்தைந்துக்கு மேலே போகிறவர்களைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தாளைத் தன் தம்பி வில்பிரட் படிக்கிற கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தாளே, அங்கேதான் வந்தது வினை. வில்பிரட்டுக்கு இருபத்தொன்பது மார்க். திங்கட்கிழமை காலை பட்டணத்திலிருந்து மனநோய் டாக்டர் ஒருவர் கல்லூரிக்கு வருகிறார். மார்க் அதிகம் வாங்கிய பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசப் போகிறார். தயாராக இருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஹாஸ்டல் வார்டன் மூலமாக விஷயம் ஜீவரத்தினத்தின் காதுக்கும் போய்விட்டது.

இன்று ஞாயிறு. நாளைக் காலை டாக்டர் வருகிறார்.

கோயிலுக்கு ஆராதனைக்குப் போய் வந்த ஜீவரத்தினம் கழுத்து டையைக்கூடக் கழற்றவில்லை. ஏர்போர்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். வீட்டிலும் அப்படித்தான்.

"ஹில்டா, இங்க வா."

"சொல்லுங்கப்பா."

"நாளைக்கு என் பையன் அந்த டாக்டர் முன்னால போய் நிக்கக் கூடாது. நீதானே பேப்பர் குடுத்தே? நீயே போய் வாபஸ் வாங்கு."

"அது என் கையில இல்லப்பா. புரொபசர்தான் முடிவு பண்ணணும்."

"அப்ப புரொபசர்கிட்ட போய்ச் சொல்லு. பைத்தியக்கார டாக்டரைப் பார்த்தவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, வேலைக்குப் போற எடத்துலயும் அதுதான் முன்னால போகும், பொண்ணு கேக்கற எடத்துலயும் அதுதான் முன்னால போகும். சபையில இன்னிக்கே ரெண்டு பேர் என்னைப் பார்த்த பார்வை சரியில்ல."

ஜீவரத்தினம் கெட்டவர் என்று யாரும் எனக்குக் கார்டு எழுத வேண்டாம். மனுஷன் பயந்துபோயிருக்கிறார். பயந்துபோனால் அவர் அதிகாரமாகத்தான் பேசுவார்.

ஹில்டாவுக்கும் பயம்தான். ஆனால் அவள் பயம் வேறு. பேர் கெடுவதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த இருபத்தொன்பது நிஜமா என்பதுதான் கவலை. ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்தாள். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். காலையில் இட்லி சாப்பிட்டான். கோயிலில் எல்லோரோடும் நின்று பாடினான். போன வாரம் அவனையே கேட்டுவிட்டாள். "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

தம்பிக்கு மனசு சரியில்லையா, அல்லது தன் தாள் சரியில்லையா? சாயங்காலத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? ஜுரமே இல்லாத ஆள் வாயில் வைத்துப் பார்ப்போம். அப்படி ஒரு ஆள் அந்த வீட்டு அடுப்படியிலேயே இருந்தாள். ஹில்டாவின் அம்மா ஞானஜோதி. கேம்ப் ரோடு முழுக்க விசாரித்தாலும் இவளைப்போல் சிரிக்கிற பெண்பிள்ளை கிடைக்க மாட்டாள். கிணற்றடியில் சிரித்தால் தெருக்கோடியில் ஆள் திரும்பிப் பார்ப்பான்.

"அம்மா, ஒரு இருபது கேள்வி கேக்கட்டா?"

"வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே கேளு. சும்மா நிக்காதே."

ஹில்டா தாளை முறத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு மனசுல வருத்தம் இருக்கா?"

"எனக்கென்னடி வருத்தம்? கறி இன்னிக்கு நல்ல எளசாக் கெடச்சிருக்கு."

சைபர். ஹில்டா திருப்தியாகத் தலையாட்டினாள்.

"வருங்காலத்துல உனக்குன்னு ஏதாவது இருக்குன்னு நம்பறியா?"

"இந்த உலகத்துலயா? இந்த உலகத்துல எனக்கு என்ன இருக்கு? ஒண்ணுமில்லன்னு போட்டுக்கோ."

"அம்மா, அதுக்கு மூணு மார்க்."

"போடேன். மார்க்குக்கு என்ன பஞ்சம்?"

"வாழ்க்கையில தோத்துப்போயிட்டேன்னு தோணுதா?"

"கர்த்தருக்கு முன்னால ஜெயிச்சவங்க யாருடி? ஆமான்னு போடு."

"உன்மேல குத்தம் இருக்குன்னு எப்பவாவது நெனைக்கிறியா?"

"எப்பவுமே."

"எப்பவுமேன்னா கடைசிப் பதில்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? ஒரு நாள் விட்டு ஒரு நாளா பாவம் பண்றேன்? போடு மூணு."

"உன்னை உனக்குப் பிடிச்சிருக்கா?"

ஞானஜோதி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "என்னை எனக்குப் பிடிச்சா அது பெருமைடி. உங்க தாத்தா காதுல விழுந்திருந்தா தோலை உரிச்சிருப்பாரு. பிடிக்கலன்னு போடு."

"செத்துப்போயிட்டா நல்லதுன்னு..." ஹில்டாவுக்குக் கேட்கவே நாக்கு எழவில்லை.

"கர்த்தர் இன்னிக்குக் கூப்பிட்டாலும் நான் ரெடி. கறி வெந்ததும் கூப்பிட்டா நல்லது. உங்கப்பாவுக்கு உப்பு பார்க்கத் தெரியாது."

தூக்கம் எப்படி என்றதற்கு, படுத்தால் அடித்துப் போட்டாற்போல் தூங்குவேன் என்றாள். பசி எப்படி என்றதற்கு, பார்த்தால் தெரியவில்லையா என்று இடுப்பைக் காட்டினாள். அதற்கெல்லாம் சைபர்.

கடைசியில் தாளை எட்டிப் பார்த்து, "யாருடி இதை எழுதினது? நல்ல ஜெபம் மாதிரி இருக்கே?" என்றாள்.

"நான்தான்மா."

"அதானே பார்த்தேன். என் பொண்ணாச்சே."

ஹில்டா கூட்டினாள். நம்பாமல் மறுபடி கூட்டினாள். முப்பத்தொன்று. மகனைவிட இரண்டு மார்க் அதிகம். அந்தத் தாளின்படி பார்த்தால், கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டு பாட்டு முனகிக்கொண்டிருந்த ஞானஜோதியை உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் காரம் என்று நினைத்து அம்மா முறத்தை நகர்த்தி வைத்தாள்.

விஷயம் என்னவென்றால், இந்தக் கிறிஸ்துவ வீடுகளில் வளர்ப்பே அப்படி. நான் நல்லவன், நான் ஜெயித்தவன், என்னை எனக்குப் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுகிற பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும். நான் பாவி, ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்லுவதுதான் மரியாதை. வாரம் தவறாமல் முழங்காலில் நின்று சொல்லிச் சொல்லி, அது வணக்கம் சொல்லுகிற மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காக்காரனுக்கு இது எங்கே தெரியும்? எழுதின ஹில்டாவுக்கே தெரியவில்லையே! அவளும் அதே முழங்காலில் நின்று வளர்ந்தவள்தானே.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் தயிர்க்காரி கனகவல்லி கூடையை இறக்கினாள். ஹில்டா விடவில்லை.

"கனகவல்லி, உன்மேல ஏதாவது குத்தம் இருக்குன்னு உனக்குத் தோணுமா?"

"எம்மேலயா?" கனகவல்லி இடுப்பில் கை வைத்தாள். "நான் இன்னாம்மா குத்தம் பண்ணேன்? எல்லாம் எம் மாமியா பண்ண குத்தம். எனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

"சரி சரி. ராத்திரி தூக்கம் வருதா?"

"அத ஏன் கேக்கறே. ராவெல்லாம் முயிச்சிக்கினே கீறேன். நெஞ்சு பட்பட்டுனு அட்ச்சிக்குது. ஒரு வாய் சோறு எறங்கல. எம் புருசன் வூட்டுப் பக்கம் வந்து மாசம் ஆவுது." சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவளுக்குப் பதினெட்டு மார்க்தான் வந்தது. தூக்கமில்லாதவளுக்குப் பதினெட்டு, குறட்டை விடுகிறவளுக்கு முப்பத்தொன்று. கறிக்குழம்பு கொதித்து இறங்கியதும் ஞானஜோதி ஒரு கிண்ணம் கனகவல்லியிடம் கொடுத்து, அவள் பேசி முடிக்கும்வரை படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஹில்டா அதற்குள் புடவை மாற்றப் போய்விட்டாள்.

புரொபசர் யக்ஞநாராயணன் வீடு குரோம்பேட்டையில். ஹில்டா மின்சார ரயிலைப் பிடித்துப் போய் இறங்கியபோது அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"வாம்மா. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன விசேஷம்? காலேஜ்ல கிறிஸ்துவப் பசங்களுக்கு மட்டும் மத்தவாளைவிட டபுளா மார்க் வந்திருக்கே, அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன். பெரிய கண்டுபிடிப்பு ஹில்டா!"

"அது கண்டுபிடிப்பு இல்ல சார். எங்கம்மாவுக்கு முப்பத்தொண்ணு வந்திருக்கு."

"யாருக்கு? கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுவந்து குடுத்துட்டு, அரை மணி சிரிச்சுண்டிருந்தாளே, அந்த அம்மாவுக்கா?"

"அவங்களுக்குத்தான்."

ஹில்டா அடுப்படியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கறி வெந்ததும் கூப்பிடட்டும் என்ற இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அபிதா! ஒரு நிமிஷம் வா. உன்னை உனக்குப் பிடிச்சிருக்கா?"

அவர் மனைவி அபிதகுஜாம்பாள் காபி டம்ளரோடு வந்தாள். "என்னைப் பிடிக்காம என்ன? எனக்கு உங்களைத்தான் பிடிக்கலே" என்று சொல்லிவிட்டு, ஹில்டாவிடம் காபியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"சைபர்" என்றார் புரொபசர். தோற்றுப்போனதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். "ஒரு வருஷ வேலை போச்சு, போ! நாம பசங்களோட சோகத்தை அளக்கலே. அவா வளர்ந்த விதத்தை அளந்திருக்கோம். இதை வெச்சுண்டு ஒரு பையனைக்கூட டாக்டர் முன்னாடி நிறுத்தப்படாது. அது பாவம்."

அடுத்த வீட்டில் டெலிபோன் இருந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தார். டாக்டர் நாளைக்கு வர மாட்டார். யாரையும் கூப்பிடப்போவதில்லை. வார்டனிடமும் சொல்லியாகிவிட்டது.

வாசல்வரை வந்தவர் கேட்டார்: "உன் தம்பியைத் தனியா உக்கார வெச்சு ஒரு தரம் விசாரிச்சியோ?"

"கேட்டேன் சார். ஒண்ணுமில்லன்னான்."

"அப்ப சரி" என்றார்.

ரயிலில் ஹில்டாவுக்கு உட்காரவே பிடிக்கவில்லை. பல்லாவரம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் கூடையும் மூட்டையுமாக நெருக்கியடித்தார்கள். யார் காலை மிதித்தாலும் சிரித்தாள். தம்பிக்கு ஒன்றுமில்லை. மார்க்குதான் தப்பு. அதைக் கண்டுபிடித்தவள் அவளேதான். இன்றைக்கு அவளுக்கு அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் மொத்தம் சைபர்தான் வந்திருக்கும்.

வீட்டில் செய்தி கேட்டதும் ஜீவரத்தினம் டையைக் கழற்றினார். "கெட்டிக்காரிடி நீ" என்றார். ஹில்டாவுக்கு நினைவு தெரிந்து அப்பா அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஞானஜோதி, காபி போடு!" என்று அடுப்படிப் பக்கம் போனார்.

வில்பிரட் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஹில்டா இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள்.

"டேய் வில்பிரட்! தப்பிச்சேடா! நாளைக்கு டாக்டர் வரல."

"வரலையா?"

"அந்த மார்க்கே தப்புடா. அம்மாவுக்கு உன்னைவிட ஜாஸ்தி வருது." மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அபிதகுஜாம்பாள் சொன்னதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள்.

வில்பிரட் ஒரு சட்டையை மடித்தான். மடித்ததை உதறி மறுபடி மடித்தான்.

"அப்ப நாளைக்கு யாரையுமே கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நான்தான் நிறுத்திட்டேனே."

"அடுத்த வாரம்?"

"எப்பவும் கிடையாது. ஏன்டா முகம் இப்படிப் போகுது? சந்தோஷம் இல்லையா?"

அவன் சட்டையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான். "அவர் என்ன கேப்பாரு, நான் என்ன பதில் சொல்லணும்னு ஒரு வாரமா யோசிச்சு வச்சிருந்தேன்க்கா."

"எதுக்கு?"

"கேக்கறதுக்குன்னே ஒருத்தர் வராரேன்னுதான்."

"நான் கேட்டேனேடா. நீதானே ஒண்ணுமில்லன்னே?"

"நீ செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டக்கா" என்றான் வில்பிரட்.

கோபமாகச் சொல்லவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்லுவதுபோலச் சொன்னான். ஹில்டாவுக்கு அழுகை வந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் இருபது இருபது கேள்வியாகக் கேட்டவள், இந்த ஒரு பிள்ளையிடம் ரயிலுக்கு நேரமாகிறது என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு, அவனைக் கேட்க வந்த ஒரே ஆளையும் திருப்பி அனுப்பிவிட்டு வந்து நிற்கிறாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சூடு புடவை வழியாகச் சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"உக்காருடா."

"காபி குடிக்கக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும். உக்காரு. எத்தனை நாளா இப்படி?"

வில்பிரட் உட்கார்ந்தான். நெடுநேரம் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹில்டா அவசரப்படுத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னா அப்பாவுக்குத் தெரியக் கூடாதுக்கா" என்றான் கடைசியில்.

"அப்பாவுக்கு ஏன்..."

"தெரியக் கூடாது. தெரியாம பாத்துக்கறேன்னு சொல்லு. அப்பதான் சொல்லுவேன்."

கீழே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜீவரத்தினம் ஏறி வந்துகொண்டிருந்தார். மகனைப் பார்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி, எல்லாம் சரியாய்ப் போயிற்று என்று சொல்ல ஆசை அவருக்கு. மனுஷன் பாட்டு வேறு முனகிக்கொண்டு வந்தார்.

"வில்பிரட்! எங்கடா இருக்கே?"

வில்பிரட்டின் முகம் மறுபடி சாதுவாக, ஒன்றுமில்லாததாக மாறுவதை ஹில்டா பக்கத்திலிருந்து பார்த்தாள். கோயிலில் பாடும்போது இருந்த முகம். இட்லி சாப்பிடும்போது இருந்த முகம். இதைத்தான் அவள் இத்தனை நாள் நன்றாக இருக்கிறான் என்று எழுதி வைத்திருந்தாள்.

அவள் எழுந்தாள். நேராகப் போய் மாடிக் கதவைச் சாத்தினாள். இந்த வீட்டில் அப்பா வரும்போது யாரும் கதவைச் சாத்தியது கிடையாது. தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போய் நகர மறுத்தது. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள்.

"யாரது? கதவைச் சாத்தினது யாரு? ஹில்டா!"

ஹில்டா திரும்பி வந்து தம்பி எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுடா" என்றாள்.